எனலாம் ஐயாவின் ஒரே ஒரு நிச்சயம்

உலகத்தில் 'எனலாம்' என்றொரு இனம் உண்டு. உண்டு என்று நான் அடித்துச் சொல்கிறேன். அந்த இனத்தவர் யாராவது இதை எழுதியிருந்தால் முதலில் 'உண்டு எனலாம்' என்று எழுதி, பிறகு அதிலும் துணிச்சல் கூடிவிட்டதாகப் பட்டு, 'உண்டு எனக் கருத இடமிருக்கிறது' என்று திருத்தி, ஒரு நாளைக்கு இவ்வளவு வேலை போதும் என்று டீ குடிக்கப் போயிருப்பார். நீங்கள் இவர்களைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. மணி என்ன என்று கேட்டால் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இது கொஞ்சம் முன்னே பின்னே ஓடும்" என்று தொடங்குகிறவர்கள். மழை கொட்டும்போது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, முழங்கை வரை நனைந்த சட்டையைப் பார்த்து, "தூறல் மாதிரி இருக்கு" என்கிறவர்கள். பொய் சொல்லவே மாட்டார்கள். அது அவர்களுடைய பெருமை. உண்மையையும் சொல்ல மாட்டார்கள். அது நம்முடைய பாடு.

எல்லாத் துறையிலும் இவர்கள் இருந்தாலும், நன்றாகச் செழித்து வளர்வது ஆராய்ச்சித் துறையில்தான். அதிலும் இடைக்கால நிலத்தோற்ற ஆய்வு என்று ஒரு பிரிவு இருக்கிறது. அறுநூறு எழுநூறு வருடங்களுக்கு முன்னால் ஒரு வட்டாரத்தில் வயல் எது, காடு எது, வாய்க்கால் எந்தப் பக்கம் திரும்பிற்று, ஊர் எங்கேயிருந்து எங்கே நகர்ந்தது என்று கண்டுபிடிக்கிற வேலை. இதற்குச் சாட்சிகள் இரண்டே பேர். ஒருவர் மண். அவர் வாயைத் திறக்க மாட்டார். இன்னொருவர் பழைய ஆவணம். அவர் நிறையப் பேசுவார், ஆனால் ஏதாவது ஓர் எல்லைத் தகராறில் ஜெயிப்பதற்காகப் பேசுவார். ஒரு ஊமையையும் ஒரு வழக்காளியையும் வைத்துக்கொண்டு முப்பது வருடம் குப்பை கொட்டுகிற மனிதர் வேறு எப்படிப் பேசுவார், சொல்லுங்கள்?

நம்முடைய ஆள் அந்தப் பிரிவில்தான் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறு எங்கும் அது புழக்கத்தில் இல்லை. ஆவணக் காப்பகத்தில் தாள் எடுத்துக் கொடுப்பவர் முதல் துறைத் தலைவர் வரை எல்லோருக்கும் அவர் 'எனலாம் ஐயா'. ஐம்பத்தேழு வயது. ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் மூன்று பென்சிலும் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷும் இருக்கும். பென்சில் காப்பகத்துக்கு, அங்கே பேனாவை உள்ளே விட மாட்டார்கள். பிரஷ் குழிக்கு, தோண்டி எடுத்த ஓட்டுச் சில்லில் மண்ணைத் தட்டுவதற்கு. வீட்டில் யாருடைய பிரஷாவது காணாமல் போனால் தேட வேண்டிய இடம் அந்தச் சட்டைப் பைதான் என்பது அவர் மனைவிக்குக் கல்யாணமான முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது.

அந்தக் கல்யாணமே ஓர் ஆராய்ச்சி முடிவுதான். மனைவி அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ். குழியில் விழுந்து கணுக்கால் பிசகி வந்தவருக்குக் கட்டுப் போட்டவர். ஆறு வாரம் கட்டுப் பிரிக்கிற சாக்கிலும், அதற்குப் பிறகு நான்கு மாதம் எந்தச் சாக்கும் இல்லாமலும் வந்துகொண்டிருந்தவரை ஒரு நாள் ஆஸ்பத்திரி நடையில் நிறுத்தி, "என்னைப் பிடிச்சிருக்கா?" என்று நேரடியாகக் கேட்டார். இவர் கொஞ்சம் யோசித்தார். "இதுவரை கிடைச்ச தகவலை வெச்சுப் பார்த்தா, பிடிச்சிருக்குங்கற முடிவுக்கு வர இடம் இருக்கு" என்றார். அந்த அம்மாள் அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டார். முனகலைக் கேட்டே வலி எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்கிற தொழில் அல்லவா?

இருபத்தெட்டு வருடம் இப்படியே ஓடிற்று. இவர் ஒரே ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஆராய்ந்தார். அதிலேயே பத்தொன்பது வருடம் ஒரு குறிப்பிட்ட வெளியை ஆராய்ந்தார். நகரத்தின் கிழக்கு ஓரத்தில், புல் முளைத்துச் சும்மா கிடந்த நகராட்சிப் புறம்போக்கு. கைத்துளைக் கருவியைத் திருகித் திருகி இறக்கி, இரண்டரை மீட்டர் ஆழத்திலிருந்து அழுகல் வாடை அடிக்கிற கறுப்புக் களிமண்ணை எடுத்தார். அதில் நீர்ச்செடிகளின் மகரந்தம் இருந்தது. நத்தை ஓடு இருந்தது. கோடையில் வானத்திலிருந்து எடுத்த படத்தில், மற்ற இடமெல்லாம் புல் காய்ந்து கிடக்க, அங்கே மட்டும் பச்சையாக ஒரு பட்டை தெரிந்தது. காப்பகத்தில் கரையான் மிச்சம் வைத்த ஒரு வழக்கேட்டில், பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்களாகிய இரண்டு மைத்துனர்கள் 'கீழைத் தண்ணீரில்' யாருடைய வாத்து நீந்தலாம் என்பதற்காக ஒன்பது வருடம் சண்டை போட்ட விவரம் இருந்தது. ஒரு வாத்தின் காலை ஒருவர் முறித்தார். ஒரு மைத்துனரின் காலை இன்னொருவர் முறித்தார். எல்லாம் எழுத்தில் இருந்தது.

சாதாரண மனிதர்களாகிய உங்களுக்கும் எனக்கும் இதிலிருந்து என்ன தோன்றும்? அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது என்று தோன்றும். எனலாம் ஐயாவுக்கும் மனசுக்குள் அப்படித்தான் தோன்றிற்று. ஆனால் தோன்றியதைச் சொல்லிவிடுவதா? ஆவணத்தில் இருந்த பழஞ்சொல்லுக்குத் தண்ணீர் என்று மட்டும்தான் பொருள். குளமா, குட்டையா, வாய்க்காலா என்று அந்த மைத்துனர்கள் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்த விஷயத்தை அவர்கள் எதற்கு எழுதப்போகிறார்கள்? ஆகவே ஐயா காத்திருந்தார். இன்னும் ஓர் ஆதாரம் வந்துவிட்டால் எழுதிவிடலாம் என்று பத்தொன்பது வருடமாகக் காத்திருந்தார்.

அந்த நிலையில்தான் நகராட்சி அந்த வெளியில் ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் கட்ட முடிவு செய்தது.

என்ன கட்டடம் என்று கேளுங்கள். குறைமாதக் குழந்தைகள் வார்டு. பழைய வார்டுக்குத் தலைமை நர்ஸ் யார் என்று கேளுங்கள். ஐயாவின் மனைவிதான். அந்தப் பழைய வார்டின் கூரை பதினோரு வருடமாக ஒழுகுகிறது. மழை வந்தால் உள்ளங்கை அளவுக் குழந்தைகள் படுத்திருக்கிற இன்குபேட்டர்களை ஒவ்வொன்றாக இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்த வேண்டும். எந்த மூலையில் எப்போது சொட்டும் என்று அந்த அம்மாளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். புதுக் கட்டடத்துக்காக அவர் எழுதிய மனுக்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் ஐயாவின் ஆராய்ச்சிக் கட்டுரைகளைவிட உயரம். ஒரு வித்தியாசம், மனுக்களில் என்ன வேண்டும் என்று எழுதியிருந்தது.

நகராட்சி இன்ஜினியர் ஒரு பெண்மணி. காலில் சேற்றுச் செருப்போடு நேராகத் துறைக்கு வந்து, நாற்காலியில் இருந்த ஓட்டுச் சில்லுப் பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, அந்தக் கிழக்கு வெளியில முன்னாடி தண்ணி ஏதாச்சும் நின்னுச்சா? மண் சோதிக்க வெச்ச ஆலோசகர் மூணு இடத்துல துளை போட்டுட்டு நிலம் கல்லு மாதிரி இருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டார். மூணும் ரோட்டோரம். வண்டி அதுக்கு மேல உள்ள போகலையாம். எனக்கு மனசு ஒப்பல. அளவெடுக்கப் போனவன் முட்டி வரைக்கும் புதைஞ்சுட்டு வந்தான்."

"எந்த நூற்றாண்டைக் கேக்கறீங்க?" என்றார் ஐயா.

"எந்த நூற்றாண்டா இருந்தா என்னங்க? நான் அஸ்திவாரம் போடணும்."

"அப்ப 'நின்னுச்சு'ங்கற சொல்லை நாம எந்த அர்த்தத்துல..."

இன்ஜினியர் எழுந்து ஓட்டுச் சில்லுப் பெட்டியை மறுபடி நாற்காலியில் தூக்கி வைத்தார். பிறகு, எழுத்தில் கொடுங்கள், இரண்டு வாரம் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐயா இரண்டு வாரமும் சாப்பாடு தூக்கம் மறந்து எழுதினார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எண்பத்து நான்கு பக்கம். நூற்று முப்பத்தோரு அடிக்குறிப்பு. அந்தப் பச்சைப் பட்டை லேசாக வளைந்திருப்பதற்கு மட்டும் தனியாக ஓர் அடிக்குறிப்பு. கடைசிப் பக்கத்தில் முடிவுரை என்று தலைப்பிட்டு, அதன் கீழே, 'மேலதிக ஆய்வு தேவை' என்று மூன்று சொல்.

அறிக்கை போன மறுநாள் காலை, டியூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில் மனைவி சமையலறை வாசலில் நின்றார்.

"என்னங்க, நேத்து இன்ஜினியரம்மா வார்டுக்கு வந்திருந்தாங்க. உங்க ரிப்போர்ட்டை எங்கிட்ட காட்டி, 'உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்னு கொஞ்சம் சொல்றீங்களா'ன்னு கேட்டாங்க. நானும் படிச்சேன். எனக்கும் புரியல. தண்ணி இருந்துச்சா, இல்லையா?"

"அதை ரெண்டு விதமா பார்க்கலாம்."

"ஒரு விதமா பாருங்க."

"ஆதாரங்களோட தன்மை எப்படின்னா..."

"நான் ஒரு குழந்தையோட அம்மாகிட்ட போயி, 'உங்க பிள்ளை மூச்சு விடுதுன்னு கருத இடம் இருக்கு'ன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

அந்த வாக்கியத்தில் தவறு எதுவும் இல்லை என்றுதான் ஐயாவுக்குப் பட்டது. அதைச் சொல்லாமல் இருக்கிற அளவுக்கு விவரம் இருந்தது.

மனைவி கைப்பையை மேசை மேல் வைத்தார். குரல் தணிந்தது. "இதோ பாருங்க. அந்தக் கட்டடம் எப்ப வரும் வரும்னு பதினோரு வருஷமா நிக்கறவ நான். அது வேண்டாம்னு நீங்க சொன்னா எனக்குத்தான் முதல் அடி. இன்னும் ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ. பரவால்ல. அந்த ஒழுகுற கூரையை எனக்குப் பழக்கம், ஓட்டிக்குவேன். ஆனா புதுக் கட்டடம்னு நம்பிக் குழந்தைங்களைத் தூக்கிட்டுப் போன பிறகு சுவர் வெடிச்சு, தரையில தண்ணி ஊறி வந்தா, அப்ப எந்தச் சுவத்துக்கு நகர்த்துவேன்? இருந்துச்சுன்னா இருந்துச்சுன்னு சொல்லுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. எதைச் சொன்னாலும் நான் உங்களோட சண்டைக்கு வரல."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஐயா அன்று காப்பகத்துக்குப் போய் அந்த மைத்துனர் வழக்கேட்டை மறுபடி எடுத்துவரச் சொன்னார். முப்பத்தெட்டாவது தடவை. அதில் புதிதாக எதுவும் எழுதியிருக்கவில்லை.

பத்து நாள் கழித்து நகராட்சி மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். மேடையில் ஒரு தலைவர், ஒரு மணி, ஒரு தண்ணீர்க் குவளை. கீழே நூறு நாற்காலி, அறுபது பேர். வார்டு நர்ஸுகள் சீருடையோடு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஐயாவின் மனைவி.

முதலில் ஆலோசகர் பேசினார். இவர் வேறு இனம். அந்த இனத்தைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். "அங்க எப்பவும் மேட்டு நிலம்தான். தண்ணியாவது ஒண்ணாவது! மூணு துளை. மூணும் கல்லு" என்றார். ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டார். சபைக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. நிச்சயமாகப் பேசுகிறவனை யாருக்குத்தான் பிடிக்காது? தப்பான வழியைக் கையை நீட்டிக் காட்டுகிறவன் பின்னால் எத்தனை தடவை நாம் போயிருக்கிறோம்!

அடுத்து எனலாம் ஐயா. ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். நாற்பத்தொரு படம் கொண்டுவந்திருந்தார். முதல் படத்தைத் திரையில் போட்டுவிட்டு, 'நீர்நிலை' என்ற சொல் இடைக்காலத்தில் எந்தெந்தப் பொருளில் வழங்கிற்று என்று ஆரம்பித்தார். இரண்டாவது நிமிடத்தில் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது நிமிடத்தில் குவளைத் தண்ணீரைக் குடித்தார். நான்காவது நிமிடத்தில் மைத்துனர்கள் வந்தார்கள், ஆனால் வாத்து வருவதற்குள் மணி அடித்துவிட்டது.

"ஐயா, ரொம்ப நன்றி. சுருக்கமா, கட்டலாமா கூடாதா?"

"தற்போதைய நிலையில அப்படித் திட்டவட்டமா ஒரு முடிவுக்கு..."

"அவர் முடிவு சொல்லிட்டாருங்க!" என்று ஆலோசகர் எழுந்தார். கையில் ஐயாவின் அறிக்கை. "பக்கம் ஐம்பத்து மூணு, படிக்கறேன் கேளுங்க. 'அவ்விடத்தில் நீர்நிலை ஏதும் இருந்திருக்கவில்லை என்ற கருத்தையும் முற்றாகப் புறந்தள்ளிவிட இயலாது எனலாம்.' இல்லைங்கற கருத்தைத் தள்ள முடியாதாம். தள்ள முடியாதுன்னா ஏத்துக்கணும். ஏத்துக்கிட்டா, தண்ணி இல்ல. அவரே எழுதியிருக்கார். அப்புறம் எதுக்குங்க இந்தக் கூட்டம்?"

சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன.

இந்த இடத்தில் ஐயாவுக்குள் என்ன நடந்தது என்று சரியாகச் சொல்வது கஷ்டம். குழந்தைகளை நினைத்தார், மனசாட்சி உறுத்திற்று என்றெல்லாம் சொன்னால் உங்களுக்கும் எனக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் முதலில் அவரைச் சுட்டது வேறு. மேற்கோள். அவர் எழுதிய வாக்கியத்தை, முன்னே இருந்த ஒன்பது வரியையும் பின்னே இருந்த இரண்டு அடிக்குறிப்பையும் வெட்டிவிட்டு, ஒருவன் சபை நடுவே வாசிக்கிறான். முப்பது வருடத்தில் யாரும் அவரை இப்படிக் கேவலப்படுத்தியதில்லை. காது மடல் சிவந்தது. அப்புறம்தான் கடைசி வரிசை கண்ணில் பட்டது. மற்ற நர்ஸுகள் ஆலோசகரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைவி மட்டும் ஆலோசகரைப் பார்க்கவில்லை, ஐயாவையும் பார்க்கவில்லை. தலை குனிந்து மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுப் பிரித்த நாளிலிருந்து இன்றுவரை அந்த அம்மாள் அவரால் அவமானப்பட்டு அவர் கண்டதில்லை.

"அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் அது இல்ல" என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"அப்ப என்னங்க அர்த்தம்?" என்றார் தலைவர்.

ஐயா திரையில் இருந்த படத்தை அணைத்தார்.

"அங்க குளம் இருந்துச்சு."

மண்டபத்தில் அவரை அறிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். காப்பகத்தில் தாள் எடுத்துக் கொடுப்பவர் தம் பக்கத்தில் இருந்தவரிடம், "என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

"நிச்சயமாவா?" என்றார் தலைவர்.

"நிச்சயமா."

இன்ஜினியர் ஒரு கணமும் வீணாக்கவில்லை. அதைக் கூட்டக் குறிப்பில் அந்த நிமிடமே எழுதி, காகிதத்தை அவர் முன்னால் நீட்டி, கையெழுத்து என்றார். ஐயா சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். "பேனா" என்று இன்ஜினியர் தம்முடையதைக் கொடுத்தார். ரப்பரால் அழிக்க முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு எழுதி எத்தனை வருடம் ஆயிற்றோ, மூடியோடு எழுதப் பார்த்து, பிறகு கழற்றிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் அந்த வெளியின் நடுவில் ஒரு சோதனைக் குழி வெட்டினார்கள். ஐயா பிரஷோடு உள்ளே இறங்கினார். ஒரு மீட்டர் வரை சாதாரண மண். அதற்குக் கீழே கறுப்புக் களிமண். இரண்டாவது மீட்டரில் குழியின் பக்கவாட்டிலிருந்து நீர் கசிய ஆரம்பித்து, மத்தியானத்துக்குள் அவர் முழங்கால் வரை ஏறி, மோட்டார் வைத்து இறைத்தும் சாயங்காலம் இடுப்புக்கு வந்தது. இன்ஜினியர் மேலே நின்று பார்த்தார். வரைபடத்தைச் சுருட்டினார். கட்டடத்தை முந்நூறு மீட்டர் மேற்கே, நிஜமான மேட்டுக்கு மாற்றினார். ஆலோசகர் வந்து எட்டிப் பார்த்து, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார். அவர் இனம் அப்படி.

ஊர் முழுக்க ஐயாவைப் பாராட்டிற்று. துறைத் தலைவர் கைகுலுக்கினார். வார்டு நர்ஸுகள் கேக் வெட்டினார்கள். பத்திரிகையில் படம் வந்தது. மனைவி புது பிரஷ் ஒன்று வாங்கி அவர் சட்டைப் பையில் வைத்தார். அந்த வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியும்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஐயாவும் இனம் மாறி, மணி கேட்டால் மணி சொல்கிற மனிதராகி, நாமும் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஆனால் குழி இன்னும் மூடப்படவில்லை. ஐயா தினமும் இரண்டு மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டு அதன் பக்கச் சுவரை வரைந்துகொண்டிருந்தார். ஐந்தாம் நாள் களிமண்ணுக்குக் கீழே கூழாங்கல் அடுக்கு ஒன்று கண்டார். அது சாய்ந்திருந்தது. குளத்தின் அடியில் கூழாங்கல் எதற்குச் சாய்ந்து கிடக்கிறது? இன்னும் இரண்டு இடத்தில் துளை போட்டார். அங்கேயும் அதே சாய்வு. வானத்துப் படத்தை எடுத்து அந்தப் பச்சைப் பட்டையின் வளைவைத் தடம் பிடித்துக்கொண்டே போனார். அது வடக்கே போய் ஆற்றைத் தொட்டது. தெற்கேயும் போய் ஆற்றைத் தொட்டது.

குளம் இல்லை. ஆறு ஒரு காலத்தில் அந்த வழியாக வளைந்து ஓடியிருக்கிறது; பிறகு மனசு மாறி நேராகப் போய்விட்டது. விட்டுப்போன வளைவில் தண்ணீர் நின்றிருக்கிறது. வாத்து நீந்தியிருக்கிறது. மைத்துனர்கள் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் சரி. ஆனால் குளம் இல்லை.

வாழ்நாளில் ஒரே ஒரு தடவை நிச்சயமாக ஒரு வாக்கியம் சொன்னார். அது தப்பு.

மறுநாள் காலை அலுவலகம் திறக்கும் முன்பே இன்ஜினியரின் அறை வாசலில் நின்றார். கண் வீங்கியிருந்தது.

"கூட்டக் குறிப்புல ஒரு திருத்தம் பண்ணணும் மேடம். 'குளம்'னு இருக்கறதை அடிச்சுட்டு, 'ஆற்றின் கைவிடப்பட்ட வளைவு'ன்னு போடணும்."

"ஐயா, அங்க தண்ணி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நான் கட்டியிருந்தா உள்ள போயிருக்குமா?"

"போயிருக்கும்னு கருத..."

"போதும்யா. போய் டீ சாப்பிடுங்க."

"ஆனா நான் நிச்சயமான்னு சொன்னேன் மேடம். பேனாவால கையெழுத்து போட்டிருக்கேன்."

இன்ஜினியருக்கு இவர் ஏன் இப்படி உடைந்துபோய் நிற்கிறார் என்பது புரியவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். ஐயா பத்திரிகைக்கு 'என் பிழை' என்று தலைப்பிட்டு ஒரு கடிதம் எழுதினார். நான்கு பத்தி. பத்திரிகைக்காரர்கள் அதை ஒரு பத்தியாக்கி, 'குளம் கண்ட அறிஞரின் அடுத்த சாதனை: ஆற்றையும் கண்டுபிடித்தார்' என்று போட்டார்கள். அன்றிலிருந்து காப்பகத்தில் அவருக்குப் பழைய பெயர் போய், 'குளம் கண்ட ஐயா' என்று புதுப் பெயர் வந்தது. ஒவ்வொரு தடவை யாராவது கூப்பிடும்போதும் அவர் முகம் சுருங்கும். கூப்பிடுகிறவர்கள் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டு வருடம் கழித்துப் புது வார்டு திறந்தார்கள். அடைமழை நாளாகப் பார்த்துத் திறப்பு விழா வைத்திருந்தார்கள். வேண்டுமென்றே இல்லை, அப்படி அமைந்துவிட்டது. வெளியே வானம் பொத்துக்கொண்டு ஊற்ற, உள்ளே பதினாறு இன்குபேட்டரும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. தலைமை நர்ஸ் பழக்கதோஷத்தில் இரண்டு தடவை அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மழை நேரத்தில் அவர் உட்கார்ந்து பதின்மூன்று வருடம்.

ஐயா குடையோடு வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரச் சொல்லி மனைவி கையசைத்தும் வரவில்லை. என்ன என்று பார்க்க அந்த அம்மாளே வாசலுக்கு வந்தார். வார்டுக்குப் போகிற புதுத் தெருவின் முனையில் நகராட்சி அன்று காலைதான் ஒரு பெயர்ப் பலகை நட்டிருந்தது. நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து. 'குளக்கரைத் தெரு.'

"உங்களைக் கௌரவிக்கத்தான் வெச்சிருக்காங்களாம். நல்லாத்தானே இருக்கு?" என்றார் மனைவி.

"உனக்குப் புரியல" என்றார் ஐயா. மழையைத் தாண்டிக் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. "இன்னும் அறுநூறு வருஷம் கழிச்சு ஒருத்தன் வருவான். என்னை மாதிரி ஒருத்தன். மண்ணைத் தோண்டிப் பார்ப்பான், களிமண் இருக்கும். ஆவணத்தைப் பார்ப்பான், கூட்டக் குறிப்புல குளம்னு இருக்கும், கையெழுத்தோட. தெருப் பேரைப் பார்ப்பான், குளக்கரை. மூணு ஆதாரம்! மூணும் ஒண்ணையொண்ணு உறுதிப்படுத்தும். அவன் பாவம், சந்தேகமே இல்லாம எழுதிடுவான். இங்கே ஒரு குளம் இருந்தது."

மனைவி பலகையைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். குடையைப் பிடித்திருந்த கை நனைந்துகொண்டிருந்தது.

"அவனுக்கு வீட்டுல ஒரு நர்ஸ் இருந்தா, 'நிச்சயமாவா'ன்னு அவ கேட்டுக்குவா. உள்ள வாங்க, குழந்தைங்களைப் பாருங்க. ஒண்ணுகூட நனையல. இதை உங்க நோட்டுல எழுதிக்குங்க, இதுக்கு அடிக்குறிப்பு எதுவும் வேண்டாம்."

ஐயா உள்ளே போனார். பதினாறையும் எண்ணிப் பார்த்தார். எல்லாம் தூங்கின. எழுதிக்கொண்டார் என்றுதான் நர்ஸுகள் சொல்கிறார்கள். அதற்கு அடுத்த திங்கட்கிழமை தெருப் பெயரை மாற்றக் கோரி நகராட்சிக்கு முதல் மனுவையும் எழுதினார். இதுவரை பதினோரு மனு போயிருக்கிறது. பதினோராவது மனுவில்தான் 'மாற்ற வேண்டும்' என்பதை 'மாற்றுவது குறித்துப் பரிசீலிக்கலாம் எனலாம்' என்று எழுதியிருந்ததாகக் கேள்வி. ஆள் தேறி வருகிறார்.

இனி உங்கள் விஷயம். இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டு படித்தீர்கள். உங்கள் அலுவலகத்தில் இப்படி ஒருவர் இருப்பது ஞாபகம் வந்திருக்கும். உங்கள் மாமனாரோ சித்தப்பாவோ கண்முன் வந்து போயிருப்பார்கள். நீங்கள் வரவில்லை, இல்லையா? நல்லது. ஒரு சின்னப் பரீட்சை. இன்று யாராவது உங்களிடம் வந்து ஒரு கேள்வி கேட்பார்கள். சாப்பிட்டாச்சா, கோபமா, நாளைக்கு வருகிறீர்களா, என்னவாகவும் இருக்கட்டும். அதற்கு ஒரே ஒரு சொல்லில் பதில் சொல்லி, அத்தோடு வாயை மூடிக்கொள்ள உங்களால் முடியுமா?

'முடியும்னுதான் நினைக்கிறேன்' என்று இப்போது சொன்னது யார்?